ஒரு குயர் நோட்டும் வெள்ளை போர்டும்

போன வாரம் மிக்ஸி ரிப்பேரைப் பற்றி எழுதியதற்கு மூன்று கடிதங்கள் வந்தன. இரண்டு பேர் பாராட்டியிருந்தார்கள். மூன்றாமவர் மிக்ஸி ரிப்பேர் செய்கிறவர். அதனால் இந்த வாரம் யார் வம்புக்கும் போகாமல் பஸ்ஸைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். பஸ் எழுந்து வந்து கடிதம் போடாது என்ற தைரியம்தான்.

எங்கள் ஊர் திருவெள்ளறை. திருச்சியிலிருந்து துறையூர் போகிற ரோட்டில் சுமார் 20 கிலோமீட்டர். நம்பர் ஒன் டோல்கேட், மண்ணச்சநல்லூர் தாண்டினால் மொட்டையாக ஒரு ராஜகோபுரம் தெரியும். கட்ட ஆரம்பித்து முடிக்காமல் விட்ட கோபுரம். எங்கள் ஊரில் ஒரு வீடு பாதியில் நின்றுபோனால்கூட யாரும் கவலைப்படுவதில்லை. 'பெருமாளுக்கே அப்படித்தானே!' என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

இந்தக் கோயிலில் இன்னொரு விசேஷம் உண்டு. புறப்பாட்டில் தாயார் முன்னால் போவார். புண்டரீகாட்சப் பெருமாள் பின்னால் வருவார். முதல் மரியாதை தாயாருக்குத்தான். கல்யாணமான புதிதில் என் மனைவியை அழைத்துப் போய் இதைப் பெருமையாகச் சொன்னேன். "நல்ல ஊராத்தான் இருக்கு. வீட்டுல எப்போ அமலுக்கு வரும்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஸ்தல புராணம் சொல்வதை நான் குறைத்துக்கொண்டேன்.

வீட்டில் வந்ததோ இல்லையோ, பஸ்ஸில் வந்துவிட்டது. 2021 மே 7-ம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்ற மு.க. ஸ்டாலின் அன்றைக்கே போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று, சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது. மறுநாளே அமலுக்கு வந்துவிட்டது. பிறகு மாற்றுத் திறனாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையாக வருகிறவருக்கும், திருநங்கையருக்கும் அது விரிந்தது. 'விடியல் பயணம்' என்று அரசாங்கம் பெயர் வைத்தது. மக்கள் வைத்த பெயர் 'வெள்ளை போர்டு'. கண்டக்டர்கள் வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

* * *

எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருச்சி மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸில் இருக்கிறார். கடை பேர் வேண்டாம். சம்பளம் 8,500. காலை ஒன்பதரைக்குக் கடையில் நிற்க வேண்டும். இந்த 'நிற்க வேண்டும்' என்பதை அப்படியே அர்த்தம் செய்துகொள்ளுங்கள். 2021-ல்தான் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று எழுதினார்கள். கேரளாவில் அதற்கு முன்பே, 2018-ல். ஒரு மனுஷி உட்காருவதற்குக்கூடச் சட்டசபை கூட வேண்டியிருக்கிறது பாருங்கள்!

"சட்டம் வந்துடுச்சாமே அக்கா, ஸ்டூல் வந்துச்சா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வந்துச்சு தம்பி. அதுல புடவையை அடுக்கி வெச்சிருக்கோம்."

அக்காவின் வீட்டுக்காரர் மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறார். லோடு இருந்தால் கூலி. இல்லாவிட்டால் வீட்டுத் திண்ணை. ஒரு பெண், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். இதுதான் குடும்பம்.

டிக்கெட் இருந்த காலத்தில் அக்காவுக்கு ஒரு நாளைக்குப் போக வர நாற்பது ரூபாய். மாதம் 26 நாள். 1,040 ரூபாய். அதாவது, சம்பளத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, சம்பளம் வாங்கப் போவதற்கே செலவு! பி.காம். படித்த எனக்கு இதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. (எனக்கு நம்பர் என்றால் அப்படி ஒரு பிரியம். நம்பருக்கு என் மேல் பிரியம் இல்லாததால்தான் எழுத வந்தேன்.)

* * *

எங்கள் ஊர் டீக்கடையில் நடக்காத விவாதம் கிடையாது. அன்றைக்கு விவாதம், 'இலவசம் நாட்டைக் கெடுக்கிறதா, இல்லையா?' கெடுக்கிறது என்ற கட்சிக்குத் தலைவர் ஒரு ரிட்டையர்ட் பெரியவர். திருச்சி பஸ்களில் 'தீரன் சின்னமலை' என்று எழுதியிருந்த காலத்து ஆள். 1997-ல் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்து, எல்லாவற்றையும் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆக்கினார்கள் அல்லவா? இவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போதும் "தீரன் வந்துச்சா?" என்றுதான் பஸ் ஸ்டாப்பில் கேட்பார். புது ஆட்கள் யாரோ உறவுக்காரர் என்று நினைத்து, "வரலீங்க, போன் பண்ணிப் பாருங்க" என்பார்கள்.

"ஓசியில போறதுக்குப் பழகிட்டா எவ உழைப்பா?" என்றார் பெரியவர்.

நானும் அப்போது அவர் கட்சி. டிக்கெட் எடுத்த ஆண்பிள்ளை நான் நின்றுகொண்டு வர, டிக்கெட் எடுக்காதவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறார்களே என்ற எரிச்சல். பொருளாதாரக் கொள்கைகள் பலவும் இப்படி ஜன்னலோர சீட்டில்தான் உற்பத்தியாகின்றன.

'ஓசி' என்ற சொல்லுக்கு ஒரு ராசி உண்டு. 2022-ல் ஒரு அமைச்சர் மேடையில் இந்த இரண்டெழுத்தைச் சொல்லப்போய், ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பாட்டி, "எனக்கு ஓசி வேணாம், காசை வாங்கிட்டு டிக்கெட் குடு" என்று கண்டக்டரிடம் மல்லுக்கு நின்றதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

நான் டீக்கடையில் பேசியது எப்படியோ எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. (எங்கள் தெருவில் செய்திக்கு மட்டும் எப்போதும் எக்ஸ்பிரஸ் சர்வீஸ்.) மறுநாள் காலை அக்கா வாசலில் கோலப்பொடியுடன் நிமிர்ந்து நின்றார்.

"ஏன் தம்பி, நீங்க பன்னெண்டாவது வரைக்கும் ஸ்கூலுக்கு எதுல போனீங்க?"

"பஸ்லதான்."

"டிக்கெட்?"

"பாஸ்."

"பாஸுக்கு எவ்வளவு கட்டினீங்க?"

ஸ்கூல் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச பாஸ். ஒரு பைசா கட்டவில்லை.

"பதினொண்ணாவதுல ஒரு சைக்கிள் வாங்கியாந்தீங்களே, அது?"

அதுவும் அரசாங்கம்தான். 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, 2005-06-ல் மற்ற மாணவ மாணவிகளுக்கும் விரிந்த திட்டம். அதற்கு அடுத்த வருஷம் எனக்கு ஒன்று வந்தது. அதில்தான் பாலன்ஸ் செய்யக் கற்றுக்கொண்டேன். பாலன்ஸ் ஷீட் பிறகு.

"அப்போ நீங்க உழைக்காமலா போயிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, புள்ளி வைக்கக் குனிந்துவிட்டார் அக்கா.

உள்ளேயிருந்து என் மனைவி, "உழைக்கிறார்னு யார்க்கா சொன்னது?" என்று குரல் கொடுத்தாள்.

* * *

தோற்றுப்போனவன் ஆராய்ச்சியில் இறங்குவது உலக வழக்கம். ஒரு குயர் நோட்டு ஒன்று வாங்கி அக்காவிடம் கொடுத்தேன். "ஒரு மாசம் எழுதுங்க. எத்தனை மணிக்கு ஸ்டாப்புக்கு வந்தீங்க, எந்த பஸ்ல ஏறினீங்க, எவ்வளவு நேரம் நின்னீங்க. மாசக் கடைசியில ஐந்தொகை போட்டு, இந்த இலவசத்துல உங்களுக்கு லாபமா நஷ்டமான்னு சொல்லிடறேன்."

"சிரமத்தோட சிரமமா இதுவுமா?" என்று வாங்கிக்கொண்டார். ஆனால் எழுதினார். புடவை ஸ்டாக் எழுதிப் பழகிய கை. கட்டம் போட்டு, பஸ்ஸின் நிறத்தைக்கூட எழுதியிருந்தார்.

நோட்டு என்ன சொன்னது? 26 நாள், 52 பயணம். அதில் வெள்ளை போர்டு கிடைத்தது 37. மீதி 15 தடவை காசு கொடுத்த பயணம். காரணம், திருச்சியில் தனியார் டவுன் பஸ்கள் நிறைய. அவற்றில் இலவசம் கிடையாது. துறையூர் போகிற ரூட் பஸ்ஸிலும் கிடையாது. கடைக்கு லேட் ஆகிறது என்றால் வெள்ளை போர்டு வரட்டும் என்று தவம் கிடக்க முடியாது. வந்ததில் ஏற வேண்டியதுதான். ஆக, மிச்சம் 37 தடவை இருபது ரூபாய், 740.

மாநிலத் திட்டக் குழு இந்தத் திட்டத்தை ஆராய்ந்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொல்லியிருக்கிறது. அக்காவின் கணக்கு அதற்கு 148 ரூபாய் குறைச்சல். அந்த 148 ரூபாய் தனியார் பஸ்ஸின் கண்டக்டர் பையில் இருக்கிறது.

நான் அத்தோடு விட்டேனா? பி.காமில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு பாடம் உண்டு. காசு போகாவிட்டாலும் நேரம் போனால் அதுவும் செலவு என்று சொல்கிற பாடம். வெள்ளை போர்டுக்காக அக்கா நின்ற நேரத்தைக் கூட்டினேன். 21 மணி. அவர் சம்பளத்தை வேலை நேரத்தால் வகுத்தால் மணிக்கு 31 ரூபாய். பெருக்கினால் 651. 740-ல் 651 போனால் 89.

சாயங்காலம் போய்ச் சபையில் தீர்ப்புச் சொன்னேன். "அக்கா, உங்க நிகர லாபம் மாசத்துக்கு எண்பத்தொன்பது ரூபாய்!"

அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அந்த இருபத்தோரு மணி நேரம் நான் பஸ் ஸ்டாண்டுல நிக்காம இருந்தா, எனக்கு யாரு தம்பி மணிக்கு முப்பத்தொரு ரூபா குடுத்திருப்பா?"

"அது... தியரிப்படி..."

"எழுநூத்து நாப்பது ரூபா என் கையில இருக்கு. அறுநூத்து அம்பத்தொண்ணு உங்க நோட்டுல இருக்கு. நோட்டுல இருக்கறதை நீங்களே வெச்சுக்குங்க."

மூன்று வருஷம் கல்லூரியில் படித்தது மூன்று வினாடியில் முடிந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்தால் பட்டத்தைத் திரும்பக் கேட்பார்கள் என்று பயந்து, பேச்சை மாற்றினேன்.

"அந்த 740-ஐ என்ன பண்ணீங்க?"

பெண்ணுக்கு டைப்ரைட்டிங் கிளாஸ் 500. சீட்டு 200. மீதி நாற்பதுக்கு ஒரு நாள் பூ, ஒரு நாள் பன்.

"பன்னு யாருக்கு?"

"எனக்குத்தான். நின்னுக்கிட்டே இருந்தா பசிக்காதா?"

* * *

அந்த நோட்டில் நான் கேட்காத ஒரு பக்கமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கம். 'லால்குடி, அம்மா வீடு' என்று ஒரு வரி. 'அம்மாவோட பெரியாஸ்பத்திரி, கண்ணு' என்று ஒரு வரி. 'சமயபுரம்' என்று இரண்டு வரி.

"இதையெல்லாம் எதுக்குக்கா எழுதினீங்க? வேலைக்குப் போறது மட்டும்தானே கேட்டேன்?"

"பஸ்ல போனதை எழுதச் சொன்னீங்க, எழுதினேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு அவரே சொன்னார். "முன்னாடியெல்லாம் அம்மாவைப் பாக்கப் போகணும்னா அவர்கிட்ட காசு கேக்கணும். சம்பளத்தை வாங்கி அவர் கையிலதானே குடுக்கறேன்? காசு கேட்டா காரணம் கேப்பாரு. 'போன மாசம்தானே போனே?'ம்பாரு. இப்போ காசு கேக்கறதில்லை. அதனால காரணமும் சொல்றதில்லை. சமைச்சு வெச்சுட்டுக் கிளம்பிடறேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இந்த விஷயத்தைப் பற்றும் வரவும் எழுதுகிற எந்தப் பேரேட்டிலும் நான் பார்த்ததில்லை. காசு மிச்சம் என்பது அரசாங்கக் கணக்கு. காரணம் சொல்வது மிச்சம் என்பது அக்காவின் கணக்கு.

உலகத்தில் வேறு ஊர்களிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். எஸ்டோனியாவின் தலைநகர் டாலின் 2013-லேயே தன் ஊர்க்காரர்களுக்கு பஸ்ஸை இலவசமாக்கியது. லக்ஸம்பர்க் என்று ஒரு குட்டி தேசம், 2020-ல் ரயில், பஸ், டிராம் எல்லாவற்றையும் எல்லோருக்கும் இலவசமாக்கிவிட்டது. நம் தேசத்தில் டெல்லிக்காரர்கள் 2019 அக்டோபரில் பெண்களுக்கு பிங்க் டிக்கெட் கொடுத்தார்கள். நமக்குப் பிறகு கர்நாடகம் 2023 ஜூனில், தெலங்கானா அதே வருஷம் டிசம்பரில், ஆந்திரம் 2025 ஆகஸ்டில்.

இதற்கு முன்பு இங்கே வேறு மாதிரியும் யோசித்தார்கள். 2018 பிப்ரவரியில் 'அம்மா ஸ்கூட்டர்' என்று வந்தது. வேலைக்குப் போகிற பெண் ஸ்கூட்டர் வாங்கினால் விலையில் பாதி, அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அதை அரசாங்கம் கொடுக்கும். நல்ல திட்டம்தான். அக்காவிடம் அப்போதே சொன்னேன். "மீதிப் பாதியையும் லைசென்ஸையும் பெட்ரோலையும் நீங்க குடுங்க தம்பி, நாளைக்கே ஓட்டறேன்" என்றார். 2021-ல் பஸ் இலவசமானதும் ஸ்கூட்டர் திட்டத்தைக் கைவிட்டார்கள். கையில் கொஞ்சம் இருக்கிறவருக்கு ஸ்கூட்டர் உதவியது. ஒன்றும் இல்லாதவருக்கு பஸ்தான் உதவும்.

"எல்லாம் சரி, காசு யார் அப்பன் வீட்டுக் காசு?" என்று டீக்கடைப் பெரியவர் கேட்பார். நியாயமான கேள்வி. நம் வீட்டுக் காசுதான். டிக்கெட் வசூலாகாத பணத்தைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசாங்கம் ஈடு செய்கிறது. 2021-ல் ஆரம்பிக்கும்போது வருஷத்துக்கு 1,200 கோடி என்றார்கள். 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி. சில்லறைக் காசு இல்லை. பஸ் இலவசம் என்று சொல்லிவிட்டு, புது பஸ் வாங்கக் காசில்லாமல் பழைய பஸ்ஸையே உருட்டினால் இலவசமாக நிற்கத்தான் முடியும், போக முடியாது. அதுவும் உண்மைதான்.

ஆனால் பெரியவருக்கு ஒன்று சொன்னேன். எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் ஸ்வஸ்திக் வடிவத்தில் ஒரு கிணறு இருக்கிறது. 'மாற்பிடுகு பெருங்கிணறு' என்று பெயர். நாலு பக்கமும் படி. ஒரு படித்துறையில் குளிக்கிறவரை அடுத்த படித்துறையில் இருக்கிறவர் பார்க்க முடியாது. பல்லவ ராஜா தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800 வாக்கில், கம்பன் அரையன் என்கிறவர் வெட்டி வைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. பொதுக் கிணறு.

"ஏன் பெரியவரே, அப்போ 'ஓசித் தண்ணி குடிச்சுப் பழகிட்டா எவன் உழைப்பான்?'னு யாராவது கேட்டிருப்பாங்களா?"

பெரியவர் யோசித்தார். "கேட்டிருப்பான்" என்றார். "அதைக் கல்வெட்டுல போட்டிருக்க மாட்டான்."

அன்றைக்கு டீ அவர் கணக்கு. நான் ஓசியில் குடித்தேன்.

* * *

இத்தோடு கட்டுரை சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் நோட்டு முடியவில்லை.

ஒரு நாள் ராத்திரி அக்கா நோட்டோடு வந்தார். கடையில் பில் போடுகிற செக்‌ஷனுக்கு ஆள் வேண்டுமாம். அக்காவைக் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் 1,500 கூட. அதைவிடப் பெரிய விஷயம், பில் போடுகிறவருக்கு நாற்காலி உண்டு. பத்து வருஷமாக நின்ற கால்!

"அப்புறம் என்னக்கா யோசனை?"

"ஒன்பது மணி வரைக்கும் இருக்கணுமாம்."

இப்போது எட்டு மணிக்கு விடுகிறார்கள். அக்கா சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, எட்டே முக்காலுக்குக் கிளம்புகிற கடைசி வெள்ளை போர்டைப் பிடித்துவிடுவார். ஒன்பதுக்கு மேல் என்றால் ரூட் பஸ்தான்.

நான் உடனே பேனாவை எடுத்தேன். "வருமானம் 1,500. ராத்திரி டிக்கெட் 26 தடவை இருபது, 520. கழிச்சா 980 ரூபாய் லாபம். கண்ணை மூடிக்கிட்டு ஒத்துக்குங்க."

"அது எனக்கும் தெரியும் தம்பி. மெயின் ரோட்டுல இறங்கி வீட்டுக்கு அரை கிலோமீட்டர் நடக்கணும். எட்டே முக்கால் பஸ்ஸுன்னா கூட நாலு பொம்பளைங்க இறங்குவாங்க. பேசிக்கிட்டே வந்துடுவோம். பத்தரை மணிக்கு நான் ஒருத்திதான். வழியில லைட்டும் எரியறதில்லை." நோட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். "இருட்டை இதுல எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

நான் பேனாவை மூடிவிட்டேன்.

வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில், "வேணாம்" என்று சொல்லிவிட்டாராம். அவரைத் தப்பு சொல்ல முடியுமா? அவரும் அந்த இருட்டில் நடந்தவர்தான்.

இதற்கு ஒரு மனு எழுதுவோம் என்று நான்தான் கிளப்பினேன். கடைசி பஸ்ஸை எட்டே முக்காலிலிருந்து ஒன்பதரைக்குத் தள்ள வேண்டும். 'மாண்புமிகு' என்று தொடங்கி, பெண்களின் பொருளாதாரப் பங்களிப்பு, லக்ஸம்பர்க், வாய்ப்புச் செலவு எல்லாம் சேர்த்து மூன்று பக்கம் எழுதினேன். அக்கா பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி, பத்திரிகைக்கு அனுப்பிடுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவரே எழுதினார். நாலு வரி. கடைத்தெருவில் கடை ஒன்பதுக்கு மூடுகிறது. கடைசி டவுன் பஸ் எட்டே முக்காலுக்குப் போய்விடுகிறது. பஸ் எங்களுக்காகத்தான் விட்டிருக்கிறீர்கள். நாங்கள் ஏறிய பிறகு போகச் சொல்லுங்கள்.

வெவ்வேறு கடைகளில் வேலை செய்கிற, ஒரே வழியில் போகிற பதினோரு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர் மட்டும் கைநாட்டு. ஒரு திங்கட்கிழமை, கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரசீது கொடுத்தார்கள். பரிசீலனையில் இருக்கிறது. எங்கள் ஊர் ராஜகோபுரமும் ஒரு வகையில் பரிசீலனையில்தான் இருக்கிறது.

* * *

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி. கொசுவத்தி தீர்ந்துபோய் மெயின் ரோட்டுக் கடைக்கு ஓடினேன். மணி பத்தேகால். பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆள் டார்ச் லைட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வீட்டுக்காரர்.

"என்னண்ணே, இந்நேரத்துல?"

"பஸ் வரும்" என்றார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

"யாராவது வர்றாங்களா?"

டார்ச்சை அணைத்துப் போட்டுப் பார்த்தார். "பில்லு போடறாளாம்" என்றார். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்க உடனே இருமினார்.

பகலெல்லாம் மூட்டை தூக்கிய மனுஷன். எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அரை மணி என்றார். பழக்க தோஷம், மனசுக்குள் பெருக்கினேன்: தினம் அரை மணி, 26 நாள், 13 மணி நேரம். மணிக்கு எவ்வளவு போடலாம் என்று யோசித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டேன். அக்கா கேட்டதுபோல இவரும், 'நான் இங்கே நிக்காம இருந்தா யார் காசு குடுப்பா?' என்று கேட்டுவிட்டால்?

துறையூர் பஸ் வந்தது. டிக்கெட் எடுத்து வந்த அக்கா இறங்கினார். என்னைப் பார்த்ததும், "தம்பி, நாற்காலி நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. டார்ச் வெளிச்சம் முன்னால் போக, அக்கா அதன் பின்னால் போக, வீட்டுக்காரர் அக்காவுக்குப் பின்னால் நடந்தார். தாயார் முன்னே, பெருமாள் பின்னே.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் டார்ச் பிடிக்க ஒரு ஆள் இருக்க மாட்டார். அந்த மனுவில் கையெழுத்துப் போட்ட பதினோரு பேரில் இரண்டு பேருக்கு வீட்டில் ஆண் துணை கிடையாது. அவர்களையும் அந்த ஒன்பது மணி வேலைக்குக் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டிக்கெட்டை வாங்காமல் விட்டது பெரிய உதவி, மறுக்கவில்லை. மீதி உதவி ஒரு பஸ், ஒன்பதரை மணிக்கு. இரண்டு டியூப் லைட், மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெரு வரைக்கும். லக்ஸம்பர்க் வரைக்கும் போக வேண்டியதில்லை.

நேற்று அக்கா அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு வரி. 'டார்ச் செல் 2 – ரூ. 40.' பக்கத்தில் வரவு என்றும் எழுதவில்லை, செலவு என்றும் எழுதவில்லை. "நீங்கதானே பி.காமு, நீங்களே எழுதிக்குங்க" என்றார்.

இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.